வளரிளம் பருவத்தினரின் மூட்டுச் சத்தமும் உடம்பு வலியும்: எங்கள் நிலைப்பாடு

"குத்தவைத்து எழுந்தால் முட்டி சொடுக்குகிறது", "கழுத்தைத் திருப்பினால் சத்தம் வருகிறது", "காலையிலேயே உடம்பெல்லாம் அடித்துப்போட்டது போல இருக்கிறது". பதின்ம வயதுப் பிள்ளைகள் இப்படிச் சொல்லும்போது சில வீடுகளில் பதறிப்போய் ஸ்கேன் எடுக்க ஓடுகிறார்கள். சில வீடுகளில் "வளர்ற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். இயன்முறை மருத்துவர்களும் உடற்கல்வி ஆசிரியர்களும் பெற்றோர்களும் சேர்ந்து இயங்கும் எங்கள் அமைப்பு, இரண்டு போக்கையும் ஏற்கவில்லை.

எங்கள் நிலைப்பாடு:

1. வலி, வீக்கம், பிடிப்பு எதுவும் இல்லாத மூட்டுச் சத்தம் நோயல்ல. அதற்கு எக்ஸ்ரேயும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம்.
2. வலி என்று பிள்ளை சொன்னால் அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பரிசோதிக்காமல் வளர்ச்சியின் மேல் பழி போடக் கூடாது.
3. பிள்ளைகளின் உடம்பு வலியில் பள்ளியின் கால அட்டவணைக்கும் பங்கு உண்டு. அதைத் திருத்தாமல் வீட்டுக்கு மட்டும் அறிவுரை சொல்வது போதாது.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

மூட்டுக்குள் வழவழப்பான திரவம் இருக்கிறது. மூட்டை இழுக்கும்போது உள்ளே அழுத்தம் சட்டென்று குறைந்து, திரவத்தில் வாயுக் குழி உண்டாகிறது. 2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், விரலை இழுத்துச் சொடுக்கும் நொடியை எம்.ஆர்.ஐ.யில் படம்பிடித்து இதைக் காட்டினார்கள். அந்தக் குழி உருவாகும்போது சத்தம் வருகிறதா, ஒடுங்கும்போது வருகிறதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஒருமுறை நெட்டி எடுத்த விரலில் சுமார் 20 நிமிடத்துக்கு மறுபடி சத்தம் வராததற்கும் இந்த வாயுதான் காரணம். முட்டியில் கேட்கும் சத்தம் பலருக்கு, முட்டிச் சில்லோ தசைநாரோ எலும்பின் மேல் நகர்வதால் வருவது.

நெட்டி முறித்தால் வாதம் வரும் என்ற பயத்துக்கும் ஆதாரம் இல்லை. அமெரிக்க மருத்துவர் டொனால்ட் அங்கர் 60 ஆண்டுகளுக்கும் மேலாக இடக்கை விரல்களை மட்டும் நெட்டி முறித்து, வலக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரு கைகளிலும் மூட்டுவாதம் இல்லை. ஒருவரின் சோதனை எதையும் நிரூபித்துவிடாது. ஆனால் பலரை வைத்துச் செய்த ஆய்வுகளிலும் நெட்டி முறிப்பதற்கும் மூட்டுத் தேய்மானத்துக்கும் தொடர்பு தென்படவில்லை.

கழுத்து விஷயம் வேறு. சலூனிலோ நண்பர்களிடமோ தலையைப் பிடித்து வெடுக்கென்று திருப்பிச் சொடக்கு எடுப்பதை நாங்கள் எதிர்க்கிறோம். கழுத்து வழியாக மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாய் அரிதாக அதில் கிழிந்து, பக்கவாதம்கூட வந்திருக்கிறது.

'வளர்ச்சி வலி' யாருக்கு?

மருத்துவம் அப்படி அழைப்பது பெரும்பாலும் 3 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கு வருவதை. மாலையிலோ இரவிலோ இரண்டு கால்களிலும் வரும். காலையில் குழந்தை வழக்கம்போல ஓடும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரே முட்டியில் வாரக்கணக்கில் வலித்தால் அது இந்தக் கணக்கில் சேராது.

இந்த வயதில் வலிக்குத் தெளிவான காரணங்கள் உண்டு. கபடி, கால்பந்து, ஓட்டம் என்று இருக்கும் பிள்ளைக்கு முட்டிச் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து, தொட்டால் வலிக்கலாம். ஆஸ்குட்–ஷ்லாட்டர் எனப்படும் இது, தொடைத்தசையின் நாண் வளரும் எலும்பை இழுப்பதால் வருவது. பயிற்சியின் அளவைக் குறைத்துத் தசையை நீட்டிப் பலப்படுத்தினால் அடங்கும். எலும்பு வளர்ச்சி முடியும்போது பெரும்பாலும் தானே தீரும். பரதநாட்டிய வகுப்பிலும் யோகா வகுப்பிலும் "உடம்பு நல்லா வளையுது" என்று பாராட்டு வாங்கும் சில பிள்ளைகளுக்கு மூட்டு இணைப்புகள் இயல்பிலேயே தளர்ந்திருக்கும். அவர்களுக்குச் சொடுக்கும் அதிகம், அசதியும் அதிகம். இன்னும் வளைக்கச் சொல்வதை விட்டு, மூட்டைச் சுற்றியுள்ள தசையைப் பலப்படுத்தும் பயிற்சி தர வேண்டும்.

சத்துக் குறைவையும் மறக்கக் கூடாது. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 2016–18 தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் வளரிளம் பருவத்தினரில் 24 சதவீதம் பேருக்கு வைட்டமின் டி குறைவாக இருந்தது. வெயில் காயும் நாட்டில் இப்படி ஆவதற்கு, வெயில் ஏறுமுன் வகுப்பறைக்குள் போய் இருட்டியபின் டியூஷனிலிருந்து திரும்பும் நாள்களும் ஒரு காரணம்.

எதற்குக் காத்திருக்கக் கூடாது?

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்:

• ஒரே இடத்தில் வலித்து, இரவில் தூக்கத்தைக் கலைப்பது; எலும்பின் மேல் கட்டி போலத் தென்படுவது. எலும்புப் புற்றுநோய் அரிது என்றாலும் அதன் ஒரு வகை இந்த வயதில்தான், முட்டியை ஒட்டித்தான் அதிகம் வருகிறது. இப்படிப்பட்ட வீக்கத்தை எண்ணெய் தடவி உருவக் கூடாது.
• மூட்டு வீங்கிச் சூடாக இருப்பது. காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்திருப்பது. 16 வயதுக்கு முன் தொடங்கி ஆறு வாரம் நீடிக்கும் மூட்டு வீக்கம் இளம்பருவ மூட்டுவாதமாக இருக்கலாம்.
• தொண்டை வலி வந்துபோன சில வாரங்களில் காய்ச்சலுடன் மூட்டு விட்டு மூட்டு தாவும் வலி. இது இதய வால்வைப் பாதிக்கும் ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம்.
• நொண்டி நடப்பது. இடுப்பு மூட்டின் கோளாறு முட்டி வலியாகவும் வெளிப்படும் என்பதால் இடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.
• முட்டி மடங்கி மாட்டிக்கொள்வது, காரணமின்றி எடை குறைவது, விடாத காய்ச்சல்.

மருந்துக்கடைப் பழக்கம்

மருந்துக்கடையில் கேட்டு டைக்ளோஃபெனாக் வாங்கித் தருவதை நிறுத்துங்கள். அது வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைப் பாதிக்கும். காய்ச்சலோடு உடம்பு வலி இருந்தால் டெங்கு இல்லை என்று தெரியும்வரை அதையும் இபுப்ரூஃபெனையும் தொடவே கூடாது. ரத்தக்கசிவு அபாயம் உண்டு. 60,000 யூனிட் வைட்டமின் டி தூளை மருத்துவர் சொன்ன வாரக் கணக்கைத் தாண்டித் தினமும் கலக்கிக் கொடுத்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் கெடும்.

எங்கள் கோரிக்கைகள்

பெற்றோருக்கு: 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. பொதுத்தேர்வு ஆண்டிலும் இதைக் குறைக்காதீர்கள். மகள் வயதுக்கு வந்ததும் விளையாட்டை நிறுத்திவிடாதீர்கள். எலும்பு வலுப்பெறும் வயது அது.

பள்ளிகளுக்கு: உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவு உடலுழைப்பு வேண்டும் என்கிறது. நம் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு தொடங்கியதும் பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்கிறார். இது நிற்க வேண்டும். பாடவேளைகளுக்கு நடுவே பிள்ளைகள் எழுந்து நடக்கட்டும். புத்தகப்பை உடல் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற 2020 பள்ளிப்பைக் கொள்கையை எடை போட்டுப் பார்த்து நடைமுறைப்படுத்துங்கள். முட்டி சொடுக்குகிறது என்பதற்காக யாரையும் மைதான ஓரத்தில் உட்கார வைக்காதீர்கள்.

அரசுக்கு: பள்ளிக்கு வரும் மருத்துவப் பரிசோதனைக் குழு கண், பல் பார்ப்பதோடு மூட்டு வலியையும் நடையையும் கேட்டறிய வேண்டும். வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரை கையில் போய்ச் சேர்ந்ததா என்பதோடு விழுங்கப்பட்டதா என்றும் கண்காணிக்க வேண்டும். பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளின் விளையாட்டுப் பாடவேளையை வேறு பாடத்துக்கு மாற்றுவதைத் தடைசெய்யும் தெளிவான ஆணையும், அது நடக்கிறதா என்று பார்க்கும் ஆய்வும் வேண்டும். மற்ற கோரிக்கைகளுக்கு நேரமும் நிதியும் தேவைப்படலாம். இதற்கு ஒரு சுற்றறிக்கை போதும் என்பதால் அடுத்த கல்வியாண்டின் முதல் நாளிலிருந்தே நடைமுறைக்கு வர வேண்டும் என்று வலியுறுத்துகிறோம்.