இலவசப் பொடியும் அத்தையின் முட்டிவலியும்



"ஓசியில கெடச்சா பினாயிலக் கூடக் குடிப்பான்" என்று நம்ம ஊரில் ஒரு கிண்டல் உண்டு. காலேஜ் கேன்டீனில் நானே பலமுறை அடித்த டயலாக்தான். போன மழைக்காலத்தோடு அதைச் சொல்வதை விட்டுவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் வீடு பொம்மையார்பாளையத்தில். அத்தையைக் கட்டிக் கொடுத்தது மரக்காணத்தில். அங்கே உப்பளத்தில் வேலை. வருஷக்கணக்காக உப்புத்தண்ணியில் நின்று, கூடை சுமந்து, முட்டி தேய்ந்துவிட்டது. ஒருநாள் போனில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறார். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர், "மூட்டுவலிப் பொடி 30 நாளைக்கு இலவசம், டெலிவரிக்கு மட்டும் 99 ரூபாய்" என்கிறார். அத்தை யூபிஐயில் பின் நம்பரைப் போட்டு 99 கட்டினார். பொடியும் வந்தது. வலி போகவில்லை. டப்பா அலமாரிக்கு மேலே போய்விட்டது. கதை முடிந்தது என்றுதான் நினைத்தார்.

30 நாள் கழித்து கணக்கில் 1,499 ரூபாய் குறைந்தது. அடுத்த மாதம் இன்னொரு 1,499. மழை வந்தால் உப்பளத்தில் வேலை கிடையாது. அந்த வேலையில்லாத மாதங்களுக்காக 2022-ல் தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. இரண்டாவது முறை போனது அந்தப் பணத்திலிருந்துதான். பாஸ்புக்கைப் பார்த்து நான் கேட்டபோது அத்தை மெதுவாகச் சொன்னது இது: "யாருகிட்டயும் சொல்லிடாதடா. ஓசிக்கு ஆசப்பட்டேன்னு மாமா திட்டுவாரு."

அந்த ஒரு வரிதான் என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது.

நாம் பி.காம்.மில் வணிகச் சட்டம் படித்தோமே, ஃபெல்ட்ஹவுஸ் எதிர் பிண்ட்லி, 1862, ஞாபகம் இருக்கிறதா? (பரீட்சைக்கு முந்தின ராத்திரி மட்டும் ஞாபகம் இருந்த கேஸ்!) பெரியவர் ஒருவர் தன் சகோதரர் மகனுக்குக் கடிதம் எழுதுகிறார்: இனி உன்னிடமிருந்து தகவல் வராவிட்டால் உன் குதிரை எனக்குத்தான் என்று எடுத்துக்கொள்வேன். பையன் பதில் போடவில்லை. குதிரை அவருக்குச் சொந்தமா? இல்லை என்றது கோர்ட். ஒருவர் சும்மா இருப்பது சம்மதம் ஆகாது. ஒப்பந்தச் சட்டத்தின் அரிச்சுவடி இது.

ஃப்ரீ ட்ரையல் வியாபாரம் இதைத் தலைகீழாகப் போடுகிறது. "வேண்டாம் என்று நீங்கள் சொல்லாதவரை வேண்டும் என்றே எடுத்துக்கொள்வோம்" என்பதுதான் அதன் அடிப்படை. அத்தை போட்ட பின் நம்பர் 99 ரூபாய்க்கு மட்டுமல்ல. மாதாமாதம் எடுத்துக்கொள்ளலாம் என்ற ஆட்டோபே அனுமதிக்கும் அதுவே கையெழுத்து. அது சின்ன எழுத்தில், ஆங்கிலத்தில், கீழே எங்கேயோ இருந்தது. பொடி நமக்குப் பிடிக்க வேண்டும் என்ற கவலையே அவர்களுக்கு இல்லை. நாம் மறந்தால் போதும். மறதிதான் அவர்களுடைய முதலீடு.

இது நம்ம ஊர்க் கண்டுபிடிப்பும் இல்லை. அமெரிக்காவில் சின்சினாட்டி பக்கம் பெர்க்லி பிரீமியம் நியூட்ராசூட்டிகல்ஸ் என்று ஒரு கம்பெனி இருந்தது. 'என்சைட்' என்ற ஆண்களுக்கான மாத்திரையை இலவச சாம்பிள் என்று கொடுத்து, பிறகு கேட்காமலேயே மாதாமாதம் அனுப்பி கார்டிலிருந்து பணம் எடுத்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களிடம், மாத்திரை பலிக்கவில்லை என்று டாக்டரிடம் எழுதி வாங்கி நோட்டரி முத்திரையோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். எவன் போய் வாங்குவான்? வெட்கப்பட்டு விட்டுவிடுவான் என்பதுதான் கணக்கு. அதன் முதலாளி ஸ்டீவ் வார்ஷாக்குக்கு 2008-ல் 25 வருட சிறைத்தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டுக்குப் பிறகு 10 வருடமாகக் குறைந்தது.

சின்சினாட்டி வெட்கமும் மரக்காணத்து வெட்கமும் ஒன்றுதான் பாருங்கள். இந்த வியாபாரம் இரண்டு மௌனத்தில் ஓடுகிறது. ஒன்று, மறந்துபோய்ச் சும்மா இருப்பது. இன்னொன்று, ஏமாந்தபின் வெளியே சொல்ல வெட்கப்பட்டுச் சும்மா இருப்பது. "பேராசை பெருநஷ்டம்" என்று நாம் சிரிக்கும்போது அந்த இரண்டாவது மௌனத்துக்கு நாமே காவல் நிற்கிறோம். என் அத்தைக்கு இருந்தது பேராசை இல்லீங்க. முட்டிவலி.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் 'டார்க் பேட்டர்ன்' எனப்படும் 13 ஏமாற்று வேலைகளுக்குத் தடை போட்டது. அதில் ஒன்று சந்தாப் பொறி. இலவசச் சந்தா கொடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு தானாகப் பணம் எடுக்கும் அனுமதியைக் கட்டாயப்படுத்தி வாங்குவதும், ரத்து செய்யும் வழியை ஒளித்து வைப்பதும் அதற்குள் வருகின்றன. ஆக, சட்டம் இருக்கிறது. ஆனால் யாராவது புகார் கொடுத்தால்தானே அது எழுந்து நடக்கும்?

ரிசர்வ் வங்கி விதியில் எனக்கு ஒரு சண்டை உண்டு. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்ப வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் அத்தைக்கு வந்த மெசேஜ் ஆங்கிலத்தில் இருந்தது. பத்து விளம்பர மெசேஜுக்கு நடுவே இருந்தது. அனுமதி ஒருமுறை பதிவாகிவிட்டால், ஒரு தடவைக்கு 15,000 ரூபாய் வரை மறுபடி பின் கேட்காமலே எடுக்கலாம் என்று 2022 ஜூனில் வரம்பை உயர்த்தினார்கள். செல்போன் பில்லுக்கு அது வசதி. ஆனால் இலவசம் முடிந்து காசு ஆரம்பிக்கிற அந்த முதல் தடவை மட்டுமாவது மறுபடி பின் கேட்கட்டும், அவரவர் மொழியில் தகவல் போகட்டும் என்பது என் கருத்து. பொடி உண்மையிலேயே நல்ல பொடி என்றால் ஜனங்கள் இன்னொரு முறை பின் போட மாட்டார்களா என்ன?

அதுவரை நாம் செய்யக்கூடியது:

1. இலவசம் என்று சொல்லி ஆட்டோபே கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பின் போடும் முன் திரையில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

2. உங்கள் யூபிஐ செயலியில் ஆட்டோபே பகுதியைத் திறந்து பாருங்கள். அங்கிருந்தே அனுமதியை ரத்து செய்யலாம். கம்பெனியின் செயலியை டெலீட் செய்தால் மட்டும் அனுமதி ரத்தாகாது.

3. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சத்துப் பொடிகளில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. வீடியோவில் மருந்து, டப்பாவில் மருந்தல்ல!

4. ஏமாந்தால் வங்கிக்குச் சொல்லுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆன்லைன் பண மோசடிக்கு 1930.

அத்தையின் ஆட்டோபேயை நான் ரத்து செய்து, 1915-க்கும் போன் போட்டாயிற்று. பணம் இன்னும் வரவில்லை. மாமாவிடம் நானே சொன்னேன். திட்டவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் போனை என்னிடம் நீட்டி, "இதுலயும் ஏதாச்சும் இருக்கா பாரு தம்பி" என்றார். இருந்தது.

இப்போது அத்தைக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து முட்டிக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறார்கள். 2021-ல் வந்த திட்டம். அது நிஜமாகவே இலவசம். அவர்கள் அத்தையிடம் பின் நம்பர் எதுவும் கேட்கவில்லை.

இன்று ராத்திரி உங்கள் அம்மாவின் போனை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். ஏதாவது இருந்தால், தயவுசெய்து அந்தப் பினாயில் ஜோக்கை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.