சேர்ந்தவர் கணக்கும் சென்றவர் கணக்கும்

காவிரிப் படுகையில் ஜூன் மாதத்துக்கு இரண்டு கேள்விகள் உண்டு. மேட்டூர் அணை 12ஆம் தேதி திறக்கப்படுமா என்பது ஒன்று. பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைக்குமா என்பது மற்றொன்று. தஞ்சை வட்டாரக் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிக்கும் எனக்கு இரண்டாவது கேள்வியோடுதான் பழக்கம் அதிகம். சேர்க்கை நாட்களில் மைதானத்துப் பக்கம் ஒரு தனிக்கூட்டம் நிற்கும். நெகிழி உறையில் சான்றிதழ்களை அடுக்கி வைத்துக்கொண்டு, பட்டுக்கோட்டையிலிருந்தும் ஒரத்தநாட்டிலிருந்தும் மன்னார்குடிப் பக்கத்திலிருந்தும் வந்த பையன்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கேட்டு வந்தவர்கள். மதிப்பெண் பட்டியலைக் கொடுக்கும்போது குனியும் அவர்கள் தலை, சான்றிதழ் உறையைத் திறக்கும்போது நிமிர்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

அப்படிச் சேர்ந்தவர்களைச் சீருடை அணிவித்து முதலாண்டிலேயே படம் எடுத்துவிடுவார்கள். உடற்கல்வித் துறையின் சுவரில் அது தொங்கும். அதே மாணவர்கள் மூன்றாமாண்டு முடிவில் எடுத்துக்கொண்ட பிரிவுபசாரப் படத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். முதற்படத்தில் இரண்டு வரிசையாக நின்றவர்கள் பிற்படத்தில் ஒரு வரிசைக்குள் அடங்கிவிடுகிறார்கள். மற்றவர்கள் எங்கே? இந்தக் கேள்வியை நான் வெகுகாலம் கேட்டதில்லை. கேட்க வைத்தவன் ஒரு மாணவன்.

பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் கடைசிப் பலகையில் அமர்பவன் அவன். கபடி ஆட்டக்காரன், அணியில் லெஃப்ட் கார்னர். வகுப்பில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. இரண்டாமாண்டில் சங்க இலக்கியம் நடத்திக்கொண்டிருந்தபோது, பாடத்தில் இல்லாத புறநானூற்றின் எண்பதாம் பாட்டைப் பற்றிச் சொல்ல நேர்ந்தது. உறையூர்த் தித்தனின் மகன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை மற்போரில் வீழ்த்தியதைச் சாத்தந்தையார் பாடிய பாட்டு அது. மல்லனின் மார்பில் ஒரு காலை ஊன்றி, அவன் செய்யும் சூழ்ச்சியை மறுகாலால் தடுத்துப் பின்புறம் வளைத்த நிலையைப் புலவர் காட்டுகிறார். உரையாசிரியர் சொன்னதை நான் திருப்பிச் சொன்னேன். கடைசிப் பலகையிலிருந்து குரல் வந்தது: "ஐயா, கால் அப்படி நிக்காது. எடை எந்தக் கால்ல இருக்குன்னு பாக்கணும்." எழுந்து வந்து, பக்கத்து மாணவனை நிறுத்தி, அந்தப் பிடியைச் செய்து காட்டினான். பல ஆண்டுகள் நடத்திய பாட்டு எனக்கு அன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

அடுத்த ஜூனில் அவன் வரவில்லை.

நடந்ததைப் பிறகு கேட்டறிந்தேன். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள் பெரும்பாலும் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை நடைபெறும். முதற்பருவத் தேர்வு நவம்பரில். பயிற்சி முகாமும் பயணமும் போக அவனுக்கு வகுப்பு நாட்கள் குறைந்தன. போட்டி நாளுக்கு 'ஆன் டியூட்டி' உண்டு; முகாம் நாளுக்கான கடிதம் தாமதமாக வந்தது. வருகைப்பதிவு எழுபத்தைந்து விழுக்காட்டைத் தொடவில்லை. அந்தப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே 'வ.இ.' என்று எழுதிய கைகளுள் என் கையும் ஒன்று. மூன்று தாள்கள் அரியர் ஆயின. ஏப்ரலில் புதிய தாள்களோடு அவற்றையும் சேர்த்து எழுத வேண்டியதாயிற்று. சம்பா அறுவடை முடிந்தபின் எங்கள் பக்கத்து ஊர்களில் மின்விளக்குப் போட்டு இரவுக் கபடி நடக்கும். நல்ல ஆட்டக்காரனை வெளியூர் அணிகள் பணம் கொடுத்து அழைத்துப் போகும். தேர்வுக் கட்டணத்துக்காக அப்படி ஆடப் போன இடத்தில் முழங்கால் தசைநார் கிழிந்தது. ஆட முடியாதவனுக்கு அணியில் இடமில்லை. விடுதிச் சலுகையும் அணியோடு ஒட்டியது.

மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தான். நூலகம், விடுதி, அலுவலகம் என ஒவ்வொரு துறையிலும் நிலுவை இல்லை என்று கையொப்பம் பெற வேண்டும். விளையாட்டுத் துறைக்கு ஜெர்சியைத் திருப்பித் தந்த பிறகே அவனுக்கு ஒப்பம் கிடைத்தது. விண்ணப்பத்தில் விலகுவதற்கான காரணத்தை எழுத ஒரு வரி விட்டிருந்தார்கள். "என்ன எழுதட்டும் ஐயா?" என்று கேட்டான். "குடும்பச் சூழ்நிலை என்று எழுது" என்றேன். எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள், கேள்வி வராது. அந்த ஒரு சொல்லால் அவனுடைய இரண்டு ஆண்டுகளையும் எங்கள் பொறுப்பையும் சேர்த்துத் துடைத்துவிட்டேன் என்பது அவன் திருப்பூருக்கு வண்டி ஏறிய பிறகுதான் உறைத்தது.

இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது ஒன்றே. விளையாட்டு ஒதுக்கீட்டில் எத்தனை பேரைச் சேர்த்தோம், எத்தனை கோப்பை வென்றோம் என்று கணக்கு வைக்கும் கல்லூரிகள், சேர்த்தவர்களுள் எத்தனை பேர் பட்டத்தோடு வெளியேறினார்கள் என்ற கணக்கையும் வைக்க வேண்டும். அதைப் பலர் அறியச் சொல்லவும் வேண்டும்.

விலகுவதெல்லாம் இழப்பு அன்று என்பதையும் உடனே சொல்லிவிடுகிறேன். இராணுவத்திலோ இரயில்வேயிலோ காவல்துறையிலோ விளையாட்டுக்காக வேலை கிடைத்து ஒருவன் படிப்பை இடையில் விட்டால் அவன் வீட்டில் அன்று அடுப்பு மகிழ்ச்சியாக எரியும். இந்த மண் அத்தகையவர்களைத் தந்திருக்கிறது. தஞ்சை மாவட்டத்துத் திருச்சனம்பூண்டியைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன், பதிற்றுப்பத்தில் கேட்ட பெயரைத் தாங்கியவர், 2016இல் புரோ கபடிப் பட்டத்தை வென்ற பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமை வகித்தார். அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் வடுவூரைச் சேர்ந்த அபினேஷ் ஆடினார். அவர்களைக் கொண்டாடுவது நம் கடமை. ஆனால் உச்சிக்குப் போன ஒருவரைக் காட்டி, வழியில் நின்றுவிட்ட பலரை மறப்பது எளிதாகிவிடுகிறது. வேலை கிடைத்துப் போனவனையும் வழியின்றிப் போனவனையும் ஒரே 'குடும்பச் சூழ்நிலை'யில் அடைக்கும் ஏட்டை வைத்துக்கொண்டு எந்த உண்மையையும் நாம் அறிய இயலாது.

இது நமக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. அமெரிக்கக் கல்லூரிகளில் 'ஃபுட்பால்' என்றோர் ஆட்டம் உண்டு. நாம் அறிந்த கால்பந்து அன்று. பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். பள்ளி முடிக்கும் ஆட்டக்காரர்களைக் கல்லூரிகள் போட்டி போட்டுத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகை தந்து, ஆண்டுதோறும் ஓர் அணிவகுப்பாகச் சேர்க்கின்றன. நான்காண்டுகள் கழிந்ததும், அந்த ஆண்டு வந்தவர்களுள் யார் நிலைத்தார், யார் காயமுற்றார், யார் வேறு கல்லூரிக்கு மாறினார், யார் படிப்பை விட்டார் என்று அங்குள்ள பத்திரிகைகளும் இரசிகர்களும் பெயர் பெயராகக் கணக்குப் பார்க்கிறார்கள். 2018இல் கல்லூரி மாற விரும்புவோர்க்கென ஒரு பொதுப் பதிவேடு வந்தது. 2021இல் முதல்முறை மாறுவோர் ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்ற தடையும் நீங்கியது. அதன்பின் விலகல் இன்னும் பெருகியிருக்கிறது. ஆனால் அங்கே விலகுவோன் ஏட்டில் இருக்கிறான்.

கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு 2003-04 கல்வியாண்டு முதல் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. உதவித்தொகை பெறும் ஒவ்வோர் ஆட்டக்காரனும் பருவந்தோறும் அணிக்கு இரண்டு புள்ளிகள் ஈட்டித் தரலாம்: தேர்ச்சித் தகுதியோடு இருந்தால் ஒன்று, கல்லூரியில் நீடித்தால் ஒன்று. கிடைத்த புள்ளிகளைக் கிடைக்கக்கூடியவற்றால் வகுத்து ஆயிரத்தால் பெருக்குவார்கள். 930க்குக் கீழே விழும் அணி தண்டனைக்கு உள்ளாகலாம். 2011இல் கூடைப்பந்தில் தேசியப் பட்டம் வென்ற கனெக்டிகட் பல்கலைக்கழக அணி, இந்த அளவில் தவறியதால் 2013ஆம் ஆண்டுத் தொடரில் ஆட அனுமதிக்கப்படவில்லை. கோப்பை வென்றவர்களையும் படிப்புக்காக வெளியே நிறுத்தினார்கள் என்பதை நம் ஊர்க் கல்லூரி ஆட்சிக் குழுக்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

எண்ணுவது ஒன்றே மருந்தாகிவிடாது என்பதற்கும் அங்கேயே சான்று உண்டு. வடக்கு கரோலைனா பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகளாக வகுப்பே நடக்காத 'காகிதப் பாடங்கள்' நடத்தி மதிப்பெண் வழங்கியது 2014இல் வெளியான விசாரணை அறிக்கையில் அம்பலமாயிற்று. அவற்றில் பயின்ற மூவாயிரத்துக்கும் மேற்பட்டோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் விளையாட்டு மாணவர்கள். எண்ணைக் காப்பாற்றப் படிப்பைக் கொன்றார்கள். ஆகவே நான் கேட்பது இரக்க மதிப்பெண் அன்று. தேர்வு எழுத ஒரு நாள்.

என் சக ஆசிரியர்கள் சிலர் இதற்கு மறுப்புச் சொல்வார்கள். "விதி எல்லார்க்கும் ஒன்று. வயலில் நாற்று நட்டுவிட்டு வகுப்புக்கு வரும் மாணவனுக்கு இல்லாத சலுகை இவனுக்கு எதற்கு?" நியாயமான கேள்விதான். விடை இது: நாற்று நடும் மாணவனைக் கல்லூரி வயலுக்கு அனுப்பவில்லை, ஆட்டக்காரனைப் போட்டிக்கு அனுப்பியது கல்லூரி. ஒருவனை அவனுடைய ஒரு திறமைக்காக அழைத்து, அந்தத் திறமையை நாள்தோறும் வாங்கிக்கொண்டு, பிறகு மற்றவற்றில் குறைந்தான் என்று வெளியேற்றுவது நேர்மையான வணிகம்கூட அன்று.

இந்தப் படுகைக்கு இதில் பழைய பாடம் ஒன்று இருக்கிறது. 1904இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த சீனிவாச இராமானுஜன், கணிதத்தில் மூழ்கி மற்றப் பாடங்களில் தேறாததால் உதவித்தொகையை இழந்தார். 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போனார். விதி சரியாகத்தான் பின்பற்றப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகம் 1913இல் பட்டமில்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை தந்தபோது விதி வளைந்தது, பல்கலைக்கழகம் உடையவில்லை. எங்கள் கபடி மாணவர்கள் எல்லாரும் இராமானுஜன்கள் அல்லர். ஆனால் ஒருவர் இழக்கப்பட்ட முறையும் மற்றவர்கள் இழக்கப்படும் முறையும் ஒன்றாகவே இருக்கின்றன.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. சேர்க்கை அறிவிப்பிலேயே, மூன்றாண்டுகளுக்கு முன் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தோர் எத்தனை பேர், பட்டம் பெற்றோர் எத்தனை பேர், வேலை கிடைத்துச் சென்றோர் எத்தனை பேர், எஞ்சியோர் எத்தனை பேர் என்று நான்கு எண்கள் அச்சிடலாம். மகனைக் கொண்டுவந்து விடும் தகப்பனுக்கு அந்த நான்கு எண்களையும் அறிய உரிமை உண்டு. கல்லூரிக்காகவும் பல்கலைக்கழகத்துக்காகவும் ஆடச் சென்றவன் தவறவிட்ட தாளை, அடுத்த பருவம் வரை காக்க வைக்காமல் சில வாரங்களுக்குள் எழுத வைக்கலாம். காயமுற்றவனின் இடமும் விடுதியும் சலுகையும் பட்டம் பெறும்வரை தொடரும் என்று எழுத்தில் கொடுக்கலாம். ஆட்டத்திறன் குறைந்தது என்ற காரணத்துக்காக உதவித்தொகையை நிறுத்தக்கூடாது என்று அமெரிக்காவின் ஐந்து பெரிய கல்லூரிக் கூட்டமைப்புகள் 2015இல் முடிவெடுத்தன. பணம் புரளும் அந்த ஆட்டத்திலேயே அது இயலுமென்றால், மண்ணில் ஆடும் நம் கபடிக்கு ஏன் இயலாது? இவற்றுக்கெல்லாம் முன்பாக, விலகல் விண்ணப்பத்தைக் கொண்டுவரும் மாணவனை உட்கார வைத்து, உண்மையான காரணத்தைக் கேட்டு எழுதலாம். அதற்குச் செலவே இல்லை.

சாத்தந்தையாரின் பாட்டு இன்னொன்றும் சொல்கிறது. வெற்றியைப் பாடிய புலவர் அங்கே நிறுத்திக்கொள்ளவில்லை. மகனோடு பிணங்கியிருந்த தித்தன், அவன் மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும், இந்தக் காட்சியைக் காண வேண்டும் என்று விரும்பினார். பார்க்க வேண்டியவர்கள் பார்க்க வேண்டும் என்பது அவர் கவலை. இப்போதெல்லாம் அந்தப் பாட்டைச் சொல்லும்போது, எடை எந்தக் காலில் இருக்கிறது என்று ஒரு மாணவன் எனக்குக் கற்பித்ததையும் சொல்கிறேன். அவன் பெயரை வகுப்பில் சொல்கிறேன். கல்லூரியின் எந்த ஏட்டிலும் அவன் எதனால் போனான் என்பது இல்லை. இருப்பது நான் சொல்லிக்கொடுத்த இரண்டு சொற்கள்தாம்.