காரை மாற்றுவதற்கு முன் குழாயைப் பாருங்கள்

போன மாதம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரே பேச்சு, காரை விற்றுவிடலாமா என்பதுதான். 2010 மாடல் பெட்ரோல் கார். புனேயில் வாங்கியது. என்னோடு டிரான்ஸ்பர் வாங்கிக்கொண்டு சோலாப்பூர் போய், இப்போது நாக்பூரில் நிற்கிறது. ஐந்து வருடத்துக்குப் பதிவைப் புதுப்பித்த கையோடு தகராறு ஆரம்பம்.

சிக்னலில் நின்றால் ஆர்.பி.எம். முள் 1000க்கும் 1500க்கும் நடுவே ஊஞ்சலாடும். ஒர்க்‌ஷாப்பில் "சென்சார் போச்சு" என்று 4,500 ரூபாய்க்கு மாற்றினார்கள். ஊஞ்சல் நிற்கவில்லை. அடுத்து த்ராட்டில் பாடி, 12,000 என்றார்கள். "வயசான வண்டி சாப், வித்துடுங்க" என்று இலவச ஆலோசனை வேறு.

ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்த அம்மாவை ஸ்டேஷனிலிருந்து கூட்டி வரும்போது பிரேக் கல்லாக இறுகிவிட்டது. இரண்டு காலாலும் அழுத்தி, முன்னால் நின்ற ஸ்கூட்டருக்கு ஒரு முழம் தள்ளி நிறுத்தினேன். ஸ்கூட்டரில் ஒரு குழந்தையும் இருந்தது.

மறுநாள் வீட்டுக்குப் பக்கத்தில் மரத்தடியில் கடை வைத்திருக்கும் மராத்திக்காரப் பெரியவரிடம் போனேன். காகா எதையும் கழற்றவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாகத் துணி சுற்றிய பிளையரால் நெரித்தார். பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாயை நெரித்ததும் முள் அடங்கி நின்றது. குழாயின் அடிப்பக்கம் விரல் நீளத்துக்கு வெடிப்பு. கூலியோடு 350 ரூபாய்.

விஷயம் இதுதான். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும். இன்ஜின் உறிஞ்சும் வேகத்தில் அதற்குப் பின்னால் வெற்றிடம் உண்டாகும். நம் பிரேக் மிதிக்குப் பலம் தருவதும் அந்த வெற்றிடம்தான். நாக்பூர் வெயிலும் இன்ஜின் சூடும் சேர்ந்தால் ரப்பர் விறைத்து வெடிக்கிறது. காற்று புறவாசல் வழியாக நுழைகிறது. ஐடிலிங்கும் கெடும், பிரேக்கும் இறுகும்.

சாயங்காலம் கேஷ் டாலி ஆகவில்லை என்றால் கேஷியரையா மாற்றுகிறோம்? விடுபட்ட வவுச்சரைத்தானே தேடுகிறோம்! கார் என்றால் மட்டும் ஏன் தலையாட்டிவிடுகிறோம்? மூன்று வருடத்துக்கு ஒரு ஊர் மாறும் நமக்குக் குடும்ப மெக்கானிக் என்று யாரும் கிடையாது. அதனால் நாம்தான் கேட்க வேண்டும்: "பழுதை முதலில் காட்டுங்கள், பிறகு மாற்றுங்கள்." சேஸிஸ் துருப்பிடித்த வண்டியைக் கட்டி அழச் சொல்லவில்லை. ஆனால் ஒரு குழாய்க்காகக் கார் லோன் வேண்டாம். (லோன் கொடுப்பவனே சொல்கிறேன்!)

ஒரு சோதனை, இன்றைக்கே செய்யுங்கள். நியூட்ரலில் ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்து, பிரேக்கை நாலைந்து தடவை மிதியுங்கள். பிறகு மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லையா? அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். முதலில் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.