பதினான்கு வயது வரை

கொஞ்சம் நீளமான பதிவு. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, கொம்பனித்தெருப் பக்கம் உள்ளவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

அமெரிக்காவில் அடிமைமுறையை ஒழித்த 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1865 டிசம்பரில் நிறைவேறியது. மிசிசிப்பி மாநிலச் சட்டமன்றம் அதற்குச் சம்மதம் சொன்னது 1995இல். அந்தச் சம்மதக் கடிதம் உரிய அலுவலகத்தில் பதிவானது 2013இல். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆனால் எங்கள் ஊர்க் கணக்கையும் நாங்கள் பார்க்க வேண்டாமா?

கொம்பனித்தெருவுக்கு ஆங்கிலத்தில் நெடுங்காலம் 'ஸ்லேவ் ஐலண்ட்' என்றுதான் பெயர். அடிமைத் தீவு. ஒல்லாந்தர் தங்கள் கம்பனியின் அடிமைகளை இரவில் அடைத்து வைத்த இடம் அது. அது வெள்ளைக்காரன் செய்த வேலை, எங்களுக்கு என்ன என்று கேட்பவர்களுக்குத்தான் அடுத்த விஷயம்.

1816இல் பிரதம நீதியரசராக இருந்த சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன், அடிமை வைத்திருந்தவர்களிடம் ஒரு சம்மதம் வாங்கினார். அந்த வருடம் ஆகஸ்ட் 12ஆம் திகதி தொடக்கம் தங்கள் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரமானவர்கள் என்பதே அது. கொழும்பில் சம்மதித்தவர்களில் ஒல்லாந்தரும் பறங்கியரும் மட்டும் இல்லை. செட்டிமாரும் இருந்தார்கள், எங்கள் முஸ்லிம்களும் இருந்தார்கள். விடுவிக்கச் சம்மதிப்பதென்றால் முதலில் வைத்திருந்திருக்க வேண்டும் அல்லவா? பிலால் (ரழி) அவர்களின் கதையை மிம்பரில் கேட்டு வளர்ந்த சமூகம் நாங்கள். அடிமையை உரிமை விடுவதன் நன்மையை அந்தக் காலத்திலும் கேட்டிருப்பார்கள். கேட்டுக்கொண்டே வைத்திருந்திருக்கிறார்கள்.

1833இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தபோது இலங்கையை அதற்கு வெளியே விட்டது. யாழ்ப்பாணத்தில் கோவியர், நளவர், பள்ளர் சமூகங்களைச் சேர்ந்தவர்கள் அடிமைகளாகப் பதியப்பட்டிருந்த காலம் அது. 1844இல்தான் இங்குள்ள சட்டவாக்க சபை 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் அடிமைமுறையை முற்றாக ஒழித்தது. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக வந்தாலும் வரும், வராமலும் போகும்.

எங்களை உறுத்துவது அந்த 1816 சம்மதத்தில் இருந்த ஒரு நிபந்தனை. பிள்ளை பிறக்கும்போதே சுதந்திரம், சரி. ஆனால் 14 வயதாகும் வரை எசமான் வீட்டிலேயே இருக்க வேண்டும். சோறு, உடுப்பு, படுக்க இடம் கிடைக்கும். அதற்குப் பதிலாக வேலை செய்ய வேண்டும்.

இந்த வசனத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இல்லையா? "சம்பளம் என்ன சம்பளம், எங்கட பிள்ளை மாதிரித்தானே பார்க்கிறோம். சாப்பாடு, உடுப்பு, பெருநாளைக்குப் புதுசு, எல்லாம் குடுக்கிறோம்." நோன்பு காலத்தில் ஆள் தேடும்போது எத்தனை வீடுகளில் இந்தப் பேச்சு. முஸ்லிம் வீடுகளில் மட்டும் என்றும் சொல்ல மாட்டோம். வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் தீபாவளிக்கும், கொட்டாஞ்சேனையில் நத்தாருக்கும் இதே கதைதான்.

இந்த நாட்டில் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது, மிக அண்மைக்காலம் வரை அதே 14தான். 2021இல்தான் 16 ஆக்கினார்கள். கட்டாயக் கல்வியும் 16 வயது வரை. சட்டம் இருக்கிறது. ஆனாலும் எங்களோடு பயிற்சிக் கல்லூரியில் படித்து இப்போது மலையகத்தில் படிப்பிக்கிறவர்களிடம் பேசிப் பாருங்கள். எட்டாம் வகுப்பில் ஒரு கதிரை வெறுமையானால், "பிள்ளை கொழும்புக்குப் போயிட்டுது" என்று வீட்டில் சொல்வார்களாம். போன பிள்ளை யார் வீட்டுக் குசினியில் நிற்கிறது? கொழும்பில் இருப்பவர்கள் நாங்கள்தானே.

வளர்ந்தவர்கள் விஷயமும் இருக்கிறது. 2016இல் தேசியக் குறைந்தபட்ச வேதனச் சட்டம் கொண்டுவந்தபோது வீட்டுப் பணியாளர்களை அதற்கு வெளியே விட்டார்கள். குவைத்திலும் சவூதியிலும் எங்கள் பெண்களின் பாஸ்போர்ட்டைப் பறித்து வைக்கிறார்கள் என்று குமுறுகிறோம், நியாயம்தான். இங்கே வேலைக்கு வரும் பெண்ணின் அடையாள அட்டை யாருடைய அலுமாரியில் கிடக்கிறது?

"அவர்களுக்கு வறுமை, நாங்கள் உதவிதானே செய்கிறோம்" என்பார்கள். உதவி என்றால் பிள்ளையை அதன் வீட்டிலேயே இருக்க விட்டு, கொப்பிக்கும் சப்பாத்துக்கும் காசு அனுப்பலாம். ஸகாத்தும் ஸதகாவும் கொடுக்கிற சமூகத்துக்கு இதை விளக்க வேண்டுமா?

பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் அடுக்குமாடி முகாமைத்துவக் குழுக்களிடமும் நாங்கள் கேட்பது பெரிய விஷயம் இல்லை. 16 வயதுக்குக் குறைந்த எவரும் எங்கள் வீடுகளில் வேலைக்கு இல்லை என்று ஓர் அறிவித்தல் ஒட்டுங்கள். வளர்ந்தவர்களுக்குச் சம்பளத்தை அவர்கள் கையிலேயே கொடுங்கள், கிழமைக்கு ஒரு நாள் லீவு, அடையாள அட்டை அவர்களிடமே. பக்கத்து வீட்டில் சின்னப் பிள்ளை பாத்திரம் கழுவுவதைக் கண்டால் 1929க்கு அழையுங்கள். சிறுவர் உதவி இலக்கம் அதுதான். அழைத்தால் பக்கத்து வீட்டோடு கோபதாபம் வரும், தெரியும். அந்த வீட்டுக்காரருக்கு நாங்களே போய் முதலில் ஒரு சலாம் சொல்லிப் பேசவும் தயார். யார் கூட வருகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள்.