கோணேசருக்குச் சாட்சி ரியோவில்

கோணேசர் கோயிலைப் பற்றித் திருகோணமலையில் எப்போது வாக்குவாதம் கிளம்பினாலும் குவேறோஸ் என்ற பெயர் வந்து விழும். பெர்னாவோ த குவேறோஸ், போர்த்துக்கேய இயேசு சபைத் துறவி. 1687இல் கோவாவில் இருந்தபடி இலங்கையைப் பற்றிய தன் பெரிய நூலை எழுதி முடித்து, அடுத்த ஆண்டே கண்மூடியவர். இலங்கையில் காலடி வைக்காதவர். நம் கோயில்களை அவர் பார்த்த பார்வையில் அன்பு கிடையாது. ஆனாலும் 1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோயிலை இடிப்பதற்கு முன் இந்த மலையிலே என்ன நின்றது என்று கேட்டால், சைவர்களாகிய நாங்கள் கைநீட்டிக் காட்டுகிற சாட்சிகளில் அவரும் ஒருவர்.

அந்தச் சாட்சியின் கையெழுத்துப் பிரதி ரியோ டி ஜெனீரோவில் கிடந்தது. போர்த்துக்கேய மூலம் கொழும்பில் அச்சேறியது 1916இல். எஸ்.ஜி. பெரேரா என்ற இலங்கை இயேசு சபைக் குருவானவர் அதை ஆங்கிலத்தில் தந்தது 1930இல். 1916 வரை 200 ஆண்டுகளுக்கு மேல் அச்சு காணாத கடதாசிக் கட்டு அது. இன்றைக்கு ஒருவரும் கேட்காததை, நாளைக்கு எவர் கேட்பார் என்று தெரியாமலே வைத்திருப்பதுதான் ஆய்வு நூலகத்தின் வேலை என்று நான் நினைக்கிறேன். பரீட்சைக்குப் படிக்க மேசையும் மின்விசிறியும் கொடுப்பது நல்ல காரியம்தான், ஆனால் அது வேறு வேலை.

நமது கரையில் இயேசு சபைக்காரர் என்றால் பள்ளிக்கூடமும் கூடைப்பந்தும்தான் ஞாபகத்துக்கு வரும். 1890களில் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். இரண்டாம் உலகப்போரை ஒட்டி அமெரிக்காவின் நியூ ஓர்லீன்ஸ் மாகாணத்தார் வந்தார்கள். ஆயர் கிளெனி அவர்களில் ஒருவர். திருமலை புனித சூசையப்பர் கல்லூரியில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய யூஜின் ஹெபர்ட் சுவாமி இன்னொருவர். 1990 ஆகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகிற வழியில் காணாமல்போனார். இன்றுவரை தகவல் இல்லை.

இவர்களுடைய சபையில் ஒரு கட்டாயப் பழக்கம் உண்டு. எங்கே வேலை செய்தாலும் மேலிடத்துக்குக் கடிதம் எழுத வேண்டும். சபையை நிறுவிய இஞ்ஞாசியார் காலத்திலேயே தொடங்கிய ஒழுங்கு அது. எழுதியதைச் சேர்த்து வைக்கத் தனி இடங்களும் உண்டு. கொடைக்கானல் மலையில் செண்பகனூரில் மதுரை மாகாணத்தின் ஆவணங்கள் இருக்கின்றன. அமெரிக்க மாகாணங்களின் கடதாசிகளுக்கு 2018இல் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஓர் ஆவணக் காப்பகம் திறந்தார்கள். நியூ ஓர்லீன்ஸ் மாகாணத்தின் ஆவணங்களும் அங்கே போய்ச் சேர்ந்தன. நமது கரையின் பெயர் அதில் எத்தனை கடிதங்களில் வருகிறது என்று போய்ப் பார்ப்பது, திருமலை மாணவர் ஒருவருக்கு நல்ல ஆய்வுத் தலைப்பு.

அதே நகரத்தில்தான் இயேசு சபையின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகமும் இருக்கிறது. போரில் ஐரோப்பா நொறுங்கியதைப் பார்த்த பிறகு, 1950களில் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். வத்திக்கான் நூலகத்துக் கையெழுத்துச் சுவடிகளை நுண்படச் சுருள்களில் பிடித்துக்கொண்டுவந்து தங்கள் நூலகத்தில் வைத்தார்கள். சுமார் 37,000 சுவடிகள். உரோமாபுரிக்கு ஏதும் நடந்தாலும் மிசூரியில் ஒரு கொப்பி இருக்கும். எனக்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் மற்றப் பெருமைகளைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை அறிந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இயேசு சபைக்கும் அந்த அடி விழாமலில்லை. 1773இல் பாப்பரசர் சபையையே கலைத்தார். 1814இல்தான் மீண்டும் உயிர் வந்தது. இடைப்பட்ட காலத்தில் அவர்களுடைய நூலகங்கள் பல நாடுகளில் சிதறிப்போயின. தமிழின் முதல் அச்சுப் புத்தகங்கள் இப்போது எங்கெங்கே இருக்கின்றன என்று பாருங்கள். என்றிக்கே என்றீக்கஸ் என்ற இயேசு சபைக்காரர் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ உள்ளங்கையில் அடங்கிவிடும், பதினாறே பக்கம். கடைசிப் பக்கத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கோவாவில் வார்த்த தமிழ் எழுத்து சரிவரவில்லை என்று கொல்லத்தில் மறுபடி வார்த்தார்கள். இரண்டு தொகுதியையும் அந்தப் பக்கத்திலே காட்டிவைத்திருக்கிறார்கள். அச்சுக்கூடத்துக்குக் காசு சேர்த்துக் கொடுத்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். கடலில் மூழ்கி உழைத்த காசு. அந்தப் புத்தகத்தில் அறியப்பட்ட ஒரே பிரதி ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதைப் பற்றி 1952இல் ஹார்வர்டின் நூலக இதழில் எழுதியவர்களில் ஒருவரான ஷூர்ஹாம்மரும் இயேசு சபைக்காரர்தான்.

அந்தாவோ த புரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியின் கதையும் இதேதான். 1679இல் அம்பழக்காட்டில் அச்சானது. பிரதி வத்திக்கானில் இருந்தது. நமது தனிநாயகம் அடிகளார் அதை அங்கே கண்டு, 1966இல் கோலாலம்பூரில் அப்படியே படியெடுத்துப் பதிப்பித்தார். அடிகளார் இயேசு சபையைச் சேர்ந்தவர் அல்லர். கதவு திறந்திருந்தது, உள்ளே போய்ப் பார்த்தார், அவ்வளவுதான்.

சரி, எங்கள் ஊர் சல்லிக்கு வருவோம். நிலாவெளி றோட்டில் இங்கிருந்து கொஞ்சத் தூரம் போனால் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம். கம்பஸ் என்றுதான் எல்லாரும் சொல்வோம். அதன் நூலகம் பாடப்புத்தகம் வாங்கட்டும், இணைய இதழ்களுக்குக் காசு கட்டட்டும். அதெல்லாம் கொழும்பிலும் கிடைக்கும். கொழும்பில் கிடைக்காதது எங்கள் அலுமாரிகளில் இருக்கிறது. கரைவலை இழுக்கிற ‘பாடு’ உரிமைக் கடதாசிகள், அம்மன் கோயில் பொங்கல் கணக்குக் கொப்பிகள், திருவிழா நோட்டீஸ்கள், செத்தவீட்டு முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கிற கல்வெட்டுகள். அந்தக் கல்வெட்டை ஒருதரம் பொறுமையாகப் புரட்டிப் பாருங்கள். முன்பக்கம் படம், பிறகு தேவாரம், அதற்குப் பின்னால் வம்சாவளி: யார் மூதூரிலிருந்து பெண் எடுத்தார்கள், யார் எந்த ஆண்டு இடம்பெயர்ந்தார்கள், எந்தப் பிள்ளை இப்போது கனடாவில். நமது ஊர்ச் சரித்திரத்தின் பாதி அதில் கிடக்கிறது. 2004 மார்கழியில் கடல் வந்தபோது இந்தக் கரையில் எத்தனை வீட்டுக் கடதாசிகள் அள்ளுண்டு போயின என்று கணக்கெடுத்தவர் கிடையாது.

2005இலிருந்து நூலகம் நிறுவனத்தார் இப்படியானவற்றை ஸ்கான் பண்ணி இணையத்தில் போட்டுவருகிறார்கள். அது பெரிய தொண்டு. ஆனால் எல்லாப் பாரத்தையும் தன்னார்வக்காரர் தலையில் ஏற்றிவிட்டுப் பல்கலைக்கழகம் சும்மா இருக்க முடியாது. களனியில் அலோசியஸ் பீரிஸ் சுவாமி 1974இல் தொடங்கிய துலானா நிலையத்தைப் பாருங்கள். பௌத்தமும் கிறிஸ்தவமும் படிப்பவர்களுக்கென்று ஒரு துறவி சேர்த்த நூலகம் அது. பெரிய கட்டடமோ பெரிய பட்ஜெட்டோ முதலில் தேவைப்படவில்லை. எதைச் சேர்ப்பது என்ற தெளிவு தேவைப்பட்டது.

கம்பஸ் செய்யவேண்டியது இதுதான்: ஒரு ஸ்கானரோடு இரண்டு மாணவர் ஊருக்குள் வரட்டும். ஒரு கொப்பி கம்பஸில், ஒன்று நூலகத்தாரிடம், இன்னொன்று கடலுக்கு அப்பால் எங்காவது. அசல் வீட்டுக்காரரிடமே இருக்கட்டும்.

இதை எங்கள் ஊர்க் கரைவலைச் சம்மாட்டி ஒருவரிடம் சொன்னேன். அவரிடம் தகப்பன் காலத்துப் பாட்டுக் கடதாசி இருக்கிறது. பொலித்தீனில் சுற்றி, கூரை மரத்தில் செருகி வைத்திருக்கிறார். எடுத்துக் காட்டினார், கையில் தரவில்லை.

“குடுத்தா, எப்ப திருப்பித் தருவீங்க எண்டு எழுதித் தருவாங்களா தம்பி?”

கேட்கவேண்டிய கேள்விதான். அந்தப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தை அச்சடிப்பதிலிருந்து கம்பஸ் வேலையைத் தொடங்கலாம்.