ஒரே நிலத்துக்கு எத்தனை படங்கள்

விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில், சங்கராபரணி ஆற்றங்கரையில் அமைந்த திருவக்கரை என்னும் சிற்றூரை வெளியூரார் அறிந்திருப்பது பெரும்பாலும் அங்குள்ள ஆலயத்தால்தான். சம்பந்தர் பாடிய ஸ்தலம் என்பதாலும், சோழ அரசி செம்பியன் மாதேவியின் கற்றளித் திருப்பணி கண்ட சந்திரமௌலீசுவரர் கோயில் என்பதாலும், பௌர்ணமிதோறும் வக்கிரகாளியம்மன் சந்நிதியில் திரளும் ஜனக் கூட்டத்தாலும் அவ்வூரின் பெயர் பரவியிருக்கிறது. ஊருக்குக் கிழக்கே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரத்தில், சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் கல்லாய்ச் சமைந்துபோன பெருமரங்கள் செம்மண் மேட்டில் சாய்ந்து கிடக்கின்றன என்பதை அறிந்தவர்கள் அவர்களிலும் குறைவு. சுற்றுப்புறத்திலோ கருங்கல் குவாரிகளும் ஜல்லி உடைக்கும் கிரஷர்களும் இருக்கின்றன. பாரம் ஏற்றிய டிப்பர் லாரிகள் ஊர்ச் சாலைகளில் போய்வந்துகொண்டிருக்கின்றன. கோயில், கல்மரம், குவாரி, ஆறு, ஏரி, வயல், குடியிருப்பு ஆகிய அனைத்தும் இரண்டொரு மணி நேரம் நடந்தால் பார்த்து முடித்துவிடக்கூடிய ஒரே பிரதேசத்துக்குள் அடங்கியிருந்தும், அவற்றைப் பற்றிய படங்கள் மட்டும் வெவ்வேறு அலுவலகங்களில் வெவ்வேறு அளவுகளில் சிதறிக் கிடக்கின்றன என்பதே நான் இங்கே சொல்ல வந்த விஷயம்.

வயலின் படம் வருவாய்த்துறையின் புலப்பட நூலில் இருக்கிறது. கல்மரங்கள் கிடக்கும் நிலத்தின் எல்லை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையிடம் இருக்கிறது. குவாரிக் குத்தகையின் வரைபடம் கனிமவளத் துறையிலும், ஏரி வாய்க்கால்களின் விவரம் நீர்வளத் துறையிலும், கோயில் நிலங்களின் கணக்கு அறநிலையத் துறையிலும் இருக்கின்றன. இவை ஒவ்வொன்றும் தன்னளவில் சரியாகவே இருக்கலாம். ஆயினும், ஒரு குவாரி கல்மர நிலத்துக்கு எவ்வளவு அருகில் வந்திருக்கிறது, அதன் கழிவு மண் எந்த வரத்துக்காலை அடைத்திருக்கிறது என்ற கேள்விகளுக்கு அவற்றுள் எந்த ஒரு படமும் தனியாக விடை சொல்லாது. படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

அப்படி வைத்துப் பார்க்கும் வித்தை புதியதன்று. மெழுகுக் காகிதத்தில் பிரதியெடுத்த ஒரு படத்தை இன்னொரு படத்தின்மேல் விரித்து, முச்சந்திக் கற்களைப் பொருத்தி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது பழைய சர்வேயர்கள் கைகண்ட முறை. இன்று அதே காரியத்தைக் கணினியில் செய்கிறோம். கியூஜிஐஎஸ் என்ற மென்பொருளை 2002-இல் கேரி ஷெர்மன் என்பவர் தொடங்கினார். அது உலகெங்கும் தன்னார்வலர் பலருடைய உழைப்பால் வளர்ந்து, இன்று ஒரு காசும் செலவின்றி எவரும் இறக்கிக்கொள்ளக் கூடிய நிலையில் இருக்கிறது. படங்களை அதில் அடுக்கடுக்காக ஏற்றலாம். ஓர் எல்லையைச் சுற்றி 300 மீட்டர் வளையம் போட்டு, அந்த வளையத்துக்குள் எத்தனை வீடுகள் விழுகின்றன என்று எண்ணலாம். பத்தாண்டுகளுக்கு முன்னும் இப்போதும் எடுத்த செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு ஒரு பள்ளம் எவ்வளவு விஸ்தீரணம் பெருகியிருக்கிறது என்று கணக்கிடலாம். தமிழ்நாட்டுச் சிறுகனிம விதிகளின்படி குடியிருப்புக்கு 300 மீட்டருக்குள் கல்லுடைத்தல் ஆகாது என்பதால், அந்த வளையம் சட்டத்தின் எல்லைக்கோடாகவே ஆகிவிடுகிறது. அதைத் தாசில்தார் அலுவலகத்தில் இருப்பவர்தாம் போட முடியும் என்றில்லை. ஊரில் ஒரு மடிக்கணினி வைத்திருக்கும் பிளஸ் டூ மாணவியும் போடலாம்.

போடலாம் என்றேன், ஆனால் சரியாகப் போடுவதற்கு அவளுக்குச் சில சங்கதிகள் தெரிந்திருக்க வேண்டும், அவற்றைச் சற்று விரித்துச் சொல்லுவது அவசியம். 1802 ஏப்ரலில் பரங்கிமலைப் பக்கத்தில் வில்லியம் லாம்ப்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவைப் பணியே நம் நாட்டுப் பழைய நில அளவைத் துறைப் படங்களுக்கெல்லாம் ஆதாரம். அப்படங்கள் பூமியின் வடிவத்தை 1830-இல் ஜார்ஜ் எவரெஸ்ட் கணித்த நீள்கோளத்தின்படி கொண்டவை. இன்று நம் கைபேசியிலுள்ள ஜிபிஎஸ் வேறொரு நீள்கோளத்தை, அதாவது 1984-ஆம் ஆண்டு உலக அளவையை, அடிப்படையாகக் கொண்டது. பழைய படத்தில் குறித்த அட்சரேகை தீர்க்கரேகையை அப்படியே எடுத்து இன்றைய படத்தில் வைத்தால், நம் பிரதேசத்தில் அந்தப் புள்ளி நூறு மீட்டருக்கும் மேல் தள்ளிப்போய் விழும். 300 மீட்டர் விதியைப் பற்றி வழக்காடும் இடத்தில் நூறு மீட்டர் தள்ளிப்போவது சிறு விஷயமா? கணினி எச்சரிக்கை மணி எதுவும் அடிப்பதில்லை. பிழையான படத்தையும் சரியான படத்தைப் போன்ற அழகோடுதான் அது வரைந்து கொடுக்கிறது. ஆகையால், எந்தத் துறையும் படத்தை வெளியிடும்போது அது எந்த ஆதார அளவையில் வரையப்பட்டது என்பதைப் படத்தின் மூலையிலேயே எழுதிவைக்கும்படி சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

புலப்படத்தின் கதை இதனினும் சிக்கலானது. நம் வருவாய்த்துறைப் புலப்படத்தில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் ஒரு தனித்தாள். அதில் ஜி-லைன் என்னும் மூலைவிட்டக் கோடும், அதிலிருந்து இருபுறமும் வளைவுகளுக்கு எடுத்த குத்தளவுகளும் மீட்டரில் எழுதப்பட்டிருக்கும். பக்கத்து வயலோடு அது எங்கே பொருந்துகிறது என்பது கல்லைக் கொண்டு தெரியுமேயன்றி, பூமியில் அது எந்த அட்சத்தில் இருக்கிறது என்பது அத்தாளில் இராது. ஒரு கிராமத்தின் தாள்கள் அத்தனையையும் கணினியில் ஒட்டவைக்கும்போது சில இடங்களில் இடைவெளியும் சில இடங்களில் மேல்விழுதலும் ஏற்படுகின்றன. மென்பொருள் அவற்றை இழுத்துச் சுருக்கிச் சமன்செய்துவிடும். அவ்வாறு சமன்செய்த இடம் ஏழை விவசாயி ஒருவனுடைய வரப்பாக இருக்கலாம், புறம்போக்கு ஓடையாக இருக்கலாம். எனவே திரையில் ஒட்டிய பின், முச்சந்திக் கல் இருக்கும் இடத்துக்கு நேரில் சென்று, அது புதரில் மறைந்திருந்தால் வெட்டிப் பார்த்து, ஜிபிஎஸ் கருவியை அதன் தலையில் வைத்து அளந்துவர வேண்டும். இந்த வேலைக்கு ஊர்ப் பெரியவர்களின் ஞாபகத்தை விட்டால் வேறு துணையில்லை. எந்தக் கல் நட்ட இடத்தில் இருக்கிறது, எது பெயர்த்து நகர்த்தப்பட்டது என்பதை அவர்களே அறிவார்கள்.

இனிக் கல்மரங்களுக்கு வருவோம். 1781-ஆம் ஆண்டிலேயே சொன்னேரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் இவற்றைக் கண்டு குறித்தார். 1940-இல் இவ்விடம் பூங்காவாக அமைக்கப்பட்டது. ஒன்பது தனித்தனித் துண்டுகளாகச் சுமார் 247 ஏக்கர் நிலம் அதைச் சேர்ந்தது. ஜனங்கள் நுழைந்து பார்க்கக்கூடியது அதில் ஒரு சிறு பகுதியே. அங்கே போகிறவர் ஓர் அடிமரத்தின் அருகில் குந்தி உட்கார்ந்து பார்த்தால், பட்டை உரிந்த மரத்தின் நார்வரிகள் வெண்மையும் பழுப்பும் கருஞ்சிவப்புமாகக் கல்லில் ஓடுவதைக் காண்பார். விரலால் தடவினால் மரத்தின் சொரசொரப்பு தெரியும், நகத்தால் தட்டினால் கல்லின் ஓசை கேட்கும். கிளையில்லை, இலையில்லை, வேரில்லை. ஆதலின் அம்மரங்கள் அங்கே வளர்ந்தவை அல்ல, ஆதிகாலத்து வெள்ளம் எங்கிருந்தோ அடித்துக்கொண்டு வந்து மணலில் புதைத்தவை என்று விஞ்ஞானிகள் நிர்ணயித்திருக்கிறார்கள்.

இத்தகைய பொக்கிஷத்துக்குத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னம் என்ற பட்டம் உண்டேயன்றி, அப்பட்டத்துக்குப் பின்னால் தனிச் சட்டம் இல்லை. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள ஒரு கோயிலைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பிரதேசம், அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுக்குட்பட்ட பிரதேசம் என்று 2010-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வகுத்திருக்கிறது. சில நூற்றாண்டுப் பழமையான சிற்பத்துக்கு உள்ள அந்த அரண் 2 கோடி ஆண்டுப் பழமையான மரத்துக்கு இல்லை. புவிமரபு இடங்களைப் பாதுகாப்பதற்கென்று மத்திய சுரங்க அமைச்சகம் ஒரு மசோதாவின் வரைவை 2022 டிசம்பரில் வெளியிட்டது. அதிகாரம் முழுவதையும் ஒரே துறையின் கையில் குவிக்கிறது என்று புவியியல் அறிஞர்கள் அதைக் குறைகூறினார்கள். அந்தக் குறை நியாயமானதே. என்னைக் கேட்டால், அத்தகைய சட்டம் எந்த வடிவில் வந்தாலும் அதன் அட்டவணையில் ஊர்ப் பெயரை எழுதுவதோடு நின்றுவிடாமல், ஒன்பது துண்டுகளின் ஒவ்வொரு மூலைக்கும் உரிய அட்ச தீர்க்க அளவுகளையும் எழுத வேண்டும் என்பேன். பெயரால் எழுதிய எல்லையைப் பற்றி வக்கீல்கள் ஆண்டுக்கணக்கில் வாதாட முடியும். எண்ணால் எழுதிய எல்லையை யாரும் நடந்துபோய்ச் சோதித்துக்கொள்ளலாம்.

ஆற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரைகடந்தபோது, திருவக்கரைக்கு வடக்கேயுள்ள மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. வீடூர் அணையிலிருந்து நீர் திறக்கப்பட, சங்கராபரணி கரைபுரண்டது. அதன் பிறகு வெள்ள அபாய வரைபடங்களைப் பற்றிய பேச்சு எல்லா இடங்களிலும் பலமாக எழுந்தது. அந்தப் படங்களை மென்பொருள் எப்படி வரைகிறது என்று பார்த்தால், மனத்தில் ஒரு கவலை தோன்றாமற்போகாது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க விண்கலம் ஒன்று ராடாரால் அளந்த நில உயரங்கள், 30 மீட்டர் கட்டங்களாக இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை ஏற்றியவுடன், நீர் எத்திசையில் ஓடும் என்று கணக்கிடுவதற்கு முன்பாக, நாலாபுறமும் மேடாயிருக்கும் பள்ளங்களையெல்லாம் அளவைப் பிழை என்று கொண்டு மட்டமாக நிரப்பிவிடும்படி பாடநூல் முறை விதிக்கிறது. மேற்கு நாட்டு மலைச்சரிவுகளுக்கு அம்முறை பொருந்தலாம். 39,000-க்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ள தமிழ்நாட்டில், நான்கு புறமும் மேடாயுள்ள பள்ளம் என்பது நம் முன்னோர் கரையெடுத்து மதகும் கலங்கலும் வைத்துக் கட்டிய நீர்நிலையாகவே பெரும்பாலும் இருக்கும். ஒரு பித்தானை அழுத்தியதும் அந்த ஏரி கணக்கிலிருந்து மறைந்துபோகிறது. மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாகக் கீழ் ஏரிக்கு நீர் இறங்கும் சங்கிலித்தொடரும் அதனோடு மறைந்துபோகிறது. சில அடி அகலமுள்ள கரையோ 30 மீட்டர் கட்டத்தில் தட்டுப்படுவதேயில்லை. ஆகவே, கலங்கலின் மட்டமும் வரத்துக்காலின் போக்கும் கையால் அளந்து சேர்க்கப்படாத எந்த வெள்ளப் படத்தையும் நம் பிரதேசத்துக்குச் செல்லுபடியானதாக அரசாங்கம் ஏற்கக் கூடாது. மடைதிறப்பவரும் பாசனம் செய்பவரும் வாயால் சொல்லும் செய்திகள் இந்தக் கணக்குக்குள் வர வேண்டும்.

இவையெல்லாம் நடவாத காரியங்கள் என்று சொல்வதற்கில்லை. பக்கத்திலேயே, புதுச்சேரியில் 1955-இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம், இந்தியத் தீபகற்பத்தின் தாவரப் பரப்பைத் தாள் தாளாக வரைந்து வெளியிட்டது. 1990-களின் பிற்பகுதியில் தென்னிந்தியாவின் எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்களைக் கணினி வரைபடத்தில் ஏற்றி மகப்பேற்று விகிதங்களை ஆராய்ந்த பணியும் அங்கே நடந்தது. தமிழ்நாடு மின் ஆளுமை முகமை, பல துறைகளின் படங்களைப் புவிசார் தகவல் அமைப்பு ஒன்றில் திரட்டும் வேலையில் ஈடுபட்டிருக்கிறது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு, இந்தியர்கள் வரைபடம் தயாரிப்பதற்கு இருந்த முன்னனுமதித் தளைகளை நீக்கியது. 2022-இல் தேசியப் புவிசார் கொள்கையும் வந்தது. இத்தனைக்குப் பிறகும், குவாரிக் குத்தகையின் எல்லையைப் பார்ப்பதற்கு ஊர்க்காரர் தகவல் உரிமை மனுவும் பத்து ரூபாய்க் கட்டணமும் எடுத்துக்கொண்டு அலைய வேண்டும் என்பது பொருத்தமற்ற முறை. பார்க்க மட்டும் கிடைக்கும் படமும் போதாது. இறக்கிக்கொண்டு, வேறொரு படத்தின்மேல் வைத்து அளக்கக்கூடிய கோப்பாக அது கிடைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் வெளியிட்டால் கல்மரத் திருடர்களுக்கு வழிகாட்டியதாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த அச்சத்தை நான் ஒதுக்கவில்லை. வீட்டு வரவேற்பறைகளுக்கு அலங்காரமாகக் கல்மரத் துண்டுகளை விரும்பும் மனிதர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஒவ்வொரு மரத்தின் இருப்பிடத்தையும் ஆய்வுத்துறையே வைத்துக்கொள்ளட்டும். பூங்காத் துண்டுகளின் வெளி எல்லையையும் குத்தகைகளின் எல்லையையும் மறைப்பதால் எந்தத் திருடனும் தடுக்கப்படுவதில்லை. எல்லைமீறலைக் கண்டு சொல்லக்கூடிய கிராமத்தார்தாம் தடுக்கப்படுகிறார்கள்.

கிராம சபை ஆண்டில் ஆறு நாட்கள் கூடுகிறது. அவற்றுள் ஒரு நாள், மே 1-ஆக இருக்கலாம், வானூர் வட்டத்தின் ஒவ்வோர் ஊராட்சியிலும் அவ்வூரின் அடுக்குப் படத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டி, தவறுகளை ஜனங்களே திருத்தும்படி செய்யலாம். திருவக்கரை இளைஞர்களுக்கு இன்னொரு வேலையும் தரலாம். புதுவைப் பல்கலைக்கழகத்துப் புவியறிவியல் மாணவர்களோடு சேர்ந்து, ஆய்வுத்துறையின் அனுமதியும் மேற்பார்வையும் பெற்று, கிடக்கும் ஒவ்வொரு கல்மரத்தின் நீளத்தையும், பருத்த அடி எத்திசை, சிறுத்த நுனி எத்திசை என்பதையும் திசைகாட்டியால் அளந்து கணினியில் ஏற்றலாம். நூற்றுக்கணக்கான அத்திசைகளை ஒரே வட்டத்தில் குறித்துப் பார்க்கும்போது, அவை பெரும்பாலும் ஒரு முகமாகச் சாய்ந்திருந்தால், அம்மரங்களை அடித்துவந்த பழம் பேராற்றின் போக்கைப் பற்றி நமக்கு ஒரு தடயம் கிடைக்கும். பல முகமாகச் சிதறியிருந்தால், வெள்ளம் பலமுறை திசைமாறியதென்றோ, பிற்காலத்தில் மரங்கள் உருண்டு புரண்டனவென்றோ ஆராய வேண்டியிருக்கும். அதற்கு வேண்டியவை ஒரு திசைகாட்டி, ஓர் அளவுநாடா, ஒரு கைபேசி, வெயில் ஏறுமுன் சில காலைப்பொழுதுகள்.