பல் சொத்தை பிள்ளைகளின் நோயா?

பல் சொத்தை மிட்டாய் தின்னும் பிள்ளைகளுக்கு வருவது, நிலைப்பற்கள் முளைத்துவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கணக்கெடுப்புகள் நேர்மாறாகச் சொல்கின்றன. இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03இல் நாடு தழுவி நடத்திய வாய்நல ஆய்வில், 5 வயதுக் குழந்தைகளில் சுமார் 52 விழுக்காட்டினருக்கும், 12 வயதினரில் சுமார் 54 விழுக்காட்டினருக்கும் சொத்தை காணப்பட்டது. 35 முதல் 44 வயதுள்ளவர்களில் அது 80 விழுக்காடு; 65 முதல் 74 வயதினரில் 85.

இவை சிறுவயதுச் சொத்தையின் எச்சமே, பெரியவர்களுக்குப் புதிதாக வருவதில்லை என்று ஒரு மறுமொழி உண்டு. இதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. சொத்தையை அளக்க 1938இல் கிளைன், பால்மர், நட்சன் ஆகியோர் வகுத்த குறியீடு சொத்தையான பல், இழந்த பல், அடைக்கப்பட்ட பல் மூன்றையும் கூட்டுகிறது. ஒருமுறை ஏறிய எண் பிறகு இறங்காது. நடுவயதுக்கு மேற்பட்டோரில் ஈறுநோயால் விழுந்த பல்லும் இழப்புக் கணக்கில் சேர்ந்துவிடும். ஆகவே அந்தக் கூட்டெண்ணை மட்டும் நம்பி வாதிடுவது முறையாகாது. சிகிச்சை பெறாமல் இன்றும் அரித்துக்கொண்டிருக்கும் சொத்தையைத் தனியே எண்ணிப் பார்க்க வேண்டும். உலக நோய்ச்சுமை ஆய்வு அப்படி எண்ணியது: 2010இல் நிலைப்பற்களில் இத்தகைய சொத்தை உள்ளவர்கள் 240 கோடிப் பேர், அதாவது உலக மக்களில் 35 விழுக்காட்டினர். சொத்தை உச்சம் தொடும் வயதுகளாக அது காட்டியவை 6, 25, 70. எல்லாம் சிறுவயது எச்சம்தான் என்றால் எழுபதில் மறுபடி ஏறுவதற்குக் காரணமே இல்லை.

முதுமையில் பல் போவது இயற்கை என்ற அடுத்த வாதமும் இங்கேயே விழுகிறது. வயது தானாகப் பல்லை அரிப்பதில்லை. ஈறு இறங்கும்போது, எனாமல் உறை இல்லாத வேர்ப்பகுதி வெளியே தெரியவருகிறது. எனாமல் கரையத் தொடங்குவது பிஎச் அளவு சுமார் 5.5க்குக் கீழே, வேரோ 6க்கு மேலேயே கரைய ஆரம்பித்துவிடும். இரத்த அழுத்தம், மனச்சோர்வு, ஒவ்வாமை ஆகியவற்றுக்கான மாத்திரைகளில் பல உமிழ்நீரைக் குறைப்பவை. அமிலத்தைத் தணிப்பதே உமிழ்நீர்தான். பெரியவர்களுக்கே உரிய இந்த வேர்ச்சொத்தையைப் பள்ளிகளில் நடக்கும் பல் பரிசோதனை முகாம்கள் ஒருபோதும் காணப்போவதில்லை.

வலி இல்லையென்றால் சொத்தையும் இல்லை என்பது மிகவும் தீங்கான நம்பிக்கை. எனாமலில் நரம்பு கிடையாது. அரிப்பு டென்டினைத் தாண்டிப் பற்கூழை நெருங்கிய பிறகே பெரும்பாலும் வலி எழும். அதற்குள் எளிதாக அடைத்திருக்கக்கூடிய பல்லுக்கு வேர்ச்சிகிச்சை தேவைப்படும், அல்லது பல்லையே பிடுங்க வேண்டிவரும். இரு பற்களுக்கு இடையில் தொடங்கும் சொத்தை எக்ஸ்ரே இன்றிப் பல நேரம் தெரிவதே இல்லை.

சொத்தை வசதியான நாடுகளின் நோய் என்பதும் பொருந்தாது. வாய்நோய் உள்ளவர்களில் நான்கில் மூன்று பேர் நடுத்தர வருமான நாடுகளில் வாழ்வதாக உலகச் சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை கூறுகிறது. அமெரிக்காவில் 2011-12 கணக்குப்படி 20 முதல் 64 வயதினரில் 91 விழுக்காட்டினர் சொத்தை கண்டவர்கள். சிகிச்சை பெறாத சொத்தை இருந்ததோ 27 விழுக்காட்டினரிடம்தான். நோய் அங்கும் குறைவில்லை, அடைத்துக்கொள்ள வழி இருக்கிறது. இனிப்புப் பலகாரம் தொடாதவர்களும் தப்புவதில்லை. சர்க்கரை போட்ட டீ ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் பாக்டீரியா சில நிமிடங்களில் அமிலம் உண்டாக்குகிறது. அது தணிய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். நாளுக்கு ஐந்தாறு டீ என்றால் பல் தேறுவதற்குக் கிடைக்கும் இடைவெளி சுருங்குகிறது.

பெரியவர்களுக்குத் தடுப்பு பயன்படாது என்பதும் தவறு. ஃபுளோரைடு முக்கியமாகப் பல்லின் மேற்பரப்பிலேயே வேலை செய்கிறது. கரையத் தொடங்கிய இடத்தில் தாது மீண்டும் படிய உதவுகிறது. இதற்கு வயது வரம்பு இல்லை. 1000 முதல் 1500 பிபிஎம் ஃபுளோரைடு உள்ள பற்பசையால் நாளுக்கு இருமுறை, அதிலும் இரவு படுக்குமுன், துலக்கி நுரையைத் துப்பிவிட்டு, வாயை நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் விட்டால் அறுபது வயதுப் பல்லுக்கும் அந்தப் பலன் கிடைக்கும்.